ஒண்ணுமில்ல

மணி மூன்று ஐந்து. மூன்று மணிக்கு டாக்டர் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் செண்பகம் இப்போது உள்ளே இருப்பாள், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு. இல்லை, எந்த ஆஸ்பத்திரியில் மூன்று மணி என்றால் மூன்று மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னும் வெளியில் வரிசையில்தான் இருப்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரிடமாவது எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். அவளால் முடியும். என்னால் முடியாது, அதனால்தான் நான் இங்கே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இல்லை, அதனால் அல்ல. துரை தனியாக இருக்க மாட்டான், அதனால். துரை என் வலது பாதத்தின் மேல் தாடையை வைத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். அவன் நடுக்கம் என் கணுக்கால் வழியாக ஏறி முழங்காலில் நிற்கிறது. அல்லது என் கால் நடுங்குவதை அவன் தாடை வாங்கிக்கொள்கிறது. எது முதலில் என்று நான்கு வருடமாகப் பார்க்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. முக்காலியின் மேல் போன் கவிழ்ந்து கிடக்கிறது. நான்தான் கவிழ்த்து வைத்தேன். திரை கண்ணில் பட்டால் அது ஒளிர்வதற்காகக் காத்திருப்பேன், கவிழ்த்து வைத்தால் காத்திருக்க மாட்டேன் என்று நினைத்தேன். இப்போது அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடலைப்பருப்பு அளவுதான் என்றாள். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, இடது மார்பில், அக்குளுக்குப் போகிற பக்கம். அதைச் சொல்வதற்கு முன் அவள் மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறாள். அந்த மூன்று வாரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். துரையின் காதில் உண்ணி எடுத்தேன். பால்கனிக் கதவுக்குத் தடிமனான திரைச்சீலை வாங்கிப் போட்டேன், விமானச் சத்தம் குறையட்டும் என்று. திருச்சியில் கே.கே. நகரில் குடியிருந்துகொண்டு விமானச் சத்தத்துக்குத் திரைச்சீலை போட்டவன் நான் ஒருவன்தான் என்று காவலாளி சவரிமுத்து கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்ததாக செண்பகமே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அப்போது அது அவள் உடம்புக்குள் இருந்திருக்கிறது. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. துரைக்குத் தெரிந்திருக்குமோ. அந்த நாட்களில் அவன் அவள் புடவைத் தலைப்பை முகர்ந்துகொண்டே பின்னால் போனான். எப்போதும்தான் போவான். எதையும் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் புத்தி எனக்கு வந்துவிட்டது. காக்கை வந்தாலும் பார்க்கிறேன், வராவிட்டாலும் பார்க்கிறேன்.

இதோ, வருகிறது. எனக்குக் கேட்பதற்கு முன் அவனுக்குக் கேட்டுவிடும். தாடை பாதத்திலிருந்து எழுகிறது, காதுகள் மண்டையோடு ஒட்டிக்கொள்கின்றன, பிறகுதான் தூரத்தில் அந்த உறுமல். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. துரை ஓடவில்லை. உடம்பைச் சுருக்கிக்கொண்டு, வாசலுக்குப் போய், என் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போகிறான். அவன் ஓடுவதே இல்லை, ஒரு வேலையை முடிக்கப் போகிறவன் மாதிரி போவான். செருப்பைக் கடிக்க மாட்டான், அதன் மேல் தலையை வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். எப்போதும் இடது செருப்பு. விமானம் போய்விட்டது. நாக்கின் நுனிக்கு அந்தச் சொல் வந்து நிற்கிறது. விழுங்கிக்கொள்கிறேன். இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. கொஞ்ச நேரத்தில் அவனே வருகிறான், செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு. மறுபடியும் என் பாதத்தைத் தேடித் தாடையை வைக்கிறான்.

அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தது நாங்கள் இல்லை. தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் வைத்தது. அவர்கள் காலி செய்துகொண்டு போனபோது பீரோவையும் தொட்டிச் செடிகளையும் ஏற்றினார்கள், இவனை மாடிப்படிக்கு அடியில் கட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் அவன் குரைக்கவில்லை. குரைத்திருந்தால் யாராவது விரட்டியிருப்பார்கள், அல்லது கார்ப்பரேஷனுக்குச் சொல்லியிருப்பார்கள். சத்தமே போடாததால் செண்பகத்துக்குத் தாங்கவில்லை. மேலே கொண்டுவந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. குடையை விரித்தால் பயம். பேப்பரை மடித்தால் பயம். ஹெல்மெட் போட்டவர்கள், குக்கர் விசில், பலூன், நான் தும்முவது. அவனுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. செண்பகம் குக்கரைப் பரணில் போட்டுவிட்டு வடித்த சோற்றுக்கு மாறினாள். நான் தும்மல் வந்தால் குளியலறைக்குப் போனேன். சவரிமுத்து மட்டும் விடவில்லை. "துரை இன்னிக்கும் பங்களாவ விட்டு இறங்கலையா சார்" என்பான், இறங்கினால், "எல்லாரும் ஒதுங்குங்கப்பா, துரை வர்றாரு" என்று காம்பவுண்டையே ஒதுக்கிவிடுவான். துரை அவன் விசிலைப் பார்த்து என் கால்களுக்கு நடுவில் புகுந்துகொள்வான். எனக்கு அது பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்தாறு வயது வரை என்னிடம் யாரும் ஒளிந்துகொண்டதில்லை, நான்தான் ஒளிந்திருக்கிறேன்.

அந்தச் சொல்லை நான்தான் ஆரம்பித்தேன். வேறு என்ன சொல்வது, பயந்த குழந்தையிடம், விழுந்தவனிடம், சுரத்தில் பிதற்றுகிறவர்களிடம் நாம் எல்லோரும் சொல்வதுதானே. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. விமானம் வரும், நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல்வேன். இடி இடிக்கும், சொல்வேன். தீபாவளி மூன்று நாளும் கட்டிலுக்கு அடியில் நானும் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒண்ணுமில்லடா ஒண்ணுமில்லடா என்று ஜபம் மாதிரி சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு நாள், எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே ஒரு சத்தமும் இல்லை, செண்பகம் கால் கட்டைவிரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டாள். நகம் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. ஒண்ணுமில்ல என்று அவளிடம் சொன்னேன். துரை சோபாவுக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவன், விழித்தான், என்னைப் பார்த்தான், செருப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பவும் சோதித்துப் பார்த்தேன், அடுத்த நாள், பத்திரிகை படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு, சாதாரணக் குரலில். போய்விட்டான். மூன்றாவது தடவை செண்பகம் தடுத்தாள். "போதுங்க. அவனுக்கு அதுதான் சைரன்" என்றாள். மூன்றரை வருடம் ஆறுதல் சொல்வதாக நினைத்து, ஒவ்வொரு பயத்துக்கும் முன்னால் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பயங்கரமான எதுவும் இந்தச் சொல்லோடுதான் வரும் என்று அவன் புரிந்துகொண்டான். அவன் புரிந்துகொண்டதில் என்ன தப்பு.

அவனுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது, ரயில்வே பணிமனையில் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதம். அலுவலகத்தில் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். சித்தப்பா. "ஒண்ணுமில்லப்பா, அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார். ஒண்ணுமில்லையே என்று நான் மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது, விராலிமலையில் இறங்கி டீ குடித்தேன், ஒரு பொரிவிளங்காய் உருண்டைகூட வாங்கி அப்பாவுக்கென்று பையில் வைத்தேன். தெரு முனை திரும்பியபோது எங்கள் வீட்டுக்கு எதிரில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள், ஆண்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த உருண்டையை நான் என்ன செய்தேன். அது மட்டும் ஞாபகம் வரவில்லை. சித்தப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டார், காதுக்குள் மறுபடியும் அதையே சொன்னார், ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா. எதிரே அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். துரையாக இருந்தால் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டான்.

மூன்று இருபது. போனை நிமிர்த்தி வைக்கிறேன். மறுபடியும் கவிழ்க்கிறேன். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் விரிசல் பார்க்கிற வேலை என்பேன். ரயில் பெட்டிகளின் சக்கரங்களை இணைக்கும் அச்சு இருக்கிறதே, அதன் முனையைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஒலி அலை விடும் மீட்டரின் முனையை வைத்து மெல்ல நகர்த்த வேண்டும். திரையில் ஒரு கோடு ஓடும். அச்சு முழுசாக இருந்தால் கோடு தட்டையாகப் போய் மறு முனையில் மட்டும் ஒரு கூம்பு எழும். நடுவில் எங்காவது இன்னொரு கூம்பு எழுந்தால், அங்கே ஏதோ இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. இருபத்தொன்பது வருடம். முதல் விரிசலை நான் கண்டுபிடித்த அன்று எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது அதை நினைக்கவே கூசுகிறது. விரிசல் கண்ட கை எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். அது நகர்ந்து போகும், நிற்கும், தாண்டிப் போய்விட்டுப் பின்னால் வரும், கொஞ்சம் அழுத்தும், சும்மா பார்க்கிற மாதிரி மறுபடியும் அதே இடத்துக்கு வரும். ஸ்கேன் அறைக்கு நானும் கூடப் போனேன். அன்றைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், செண்பகத்தின் மார்பில் ஜெல் தடவி, கருவியை வைத்து நகர்த்தினாள். நகர்ந்தது. நின்றது. தாண்டிப் போய்விட்டுப் பின்னால் வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தேன். செண்பகம் தலையைத் திருப்பி, "என்னம்மா" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, டாக்டர் சொல்வாங்க" என்றாள் அந்தப் பெண். எங்கேயாவது ஒரு கட்டில் இருந்தால் அடியில் போயிருப்பேன். இருந்த ஒரே கட்டிலில் என் மனைவி படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஊசி குத்திச் சதை எடுத்தது போன வியாழக்கிழமை, அன்று துரைக்கு வயிறு சரியில்லை. உண்மையாகவே சரியில்லை, இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இன்றைக்கு அவனுக்கு ஒன்றும் இல்லை. கூடப் போவதற்காகத்தான் லீவு போட்டேன். இரண்டு மணிக்கு அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது நான் இன்னும் கைலியில் இருந்தேன். யாராவது ஒருத்தர் இருக்கணும், அவன் தனியா இருக்க மாட்டான், கத்திக் கத்தித் தொண்டையைக் கிழிச்சுக்குவான் என்றேன். சொல்லும்போதே அவனைத் தடவிக்கொண்டிருந்தேன், ஒரு சாட்சியைத் தொடுகிற மாதிரி. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை, அது இருந்தால் தேவலாம். ஹெல்மெட்காரனைப் பார்த்து நின்றுவிட்ட துரையை அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள், இழுத்தால் வர மாட்டான் என்று தெரிந்த பார்வை. "சரி, அவனைப் பாத்துக்குங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். எதுவா இருந்தாலும் போன்ல ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். சொன்னா நான் நம்ப மாட்டேன், அதைவிடச் சொல்லாம இருக்கறதே மேல் என்றேன். அவள் குனிந்தபடியே, சரி, சொல்லல என்றாள். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள். பால்கனியிலிருந்து பார்த்தேன், சவரிமுத்து ஆட்டோவை நிறுத்திக் கொடுத்தான், மேலே பார்த்து ஏதோ கேட்டான், சார் வரலையா என்று இருக்கும். அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அவன் ஒரு தடவை மேலே என்னைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் திரும்பிக்கொண்டான்.

இரு. இரு. இப்போதுதான் உறைக்கிறது. உண்மையிலேயே ஒன்றும் இல்லாவிட்டால்? சோதனையில் வெறும் கொழுப்புக் கட்டி என்று வந்திருந்தால்? அவள் எப்படிச் சொல்வாள்? அந்த நல்ல செய்திக்கு வேறு என்ன சொல் இருக்கிறது நம்மிடம்? நல்லா இருக்கேன் என்பாளா, அது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வது. பயப்படாதீங்க என்பாளா, அது முன்னதைவிட மோசம். எல்லாம் சரியாயிடும் என்பது இன்னும் மோசம். என்ன முட்டாள்தனம் செய்துவிட்டேன், எல்லாக் கெட்ட செய்திக்கும் வழியைத் திறந்து வைத்துவிட்டு, ஒரே ஒரு நல்ல செய்தி வரக்கூடிய கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா, அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் ஒண்ணுமில்ல என்றே சொல், பரவாயில்லை என்று. டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அடித்தால். போனை எடுக்கிறேன். அவள் பெயர் வரை போய் விரல் நிற்கிறது. கையில் இருக்கும்போதே அது அடிக்கிறது. துரை துள்ளி விலகுகிறான். தெரியாத எண். ஆஸ்பத்திரி எண்ணாக இருக்குமோ, அவள் மயங்கி விழுந்துவிட்டாளோ. பச்சையைத் தள்ளுகிறேன், ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கூடம் முழுக்கப் பரவுகிறது. பணிமனை என் காதில் பாதியைத் தின்றுவிட்டது, எந்தப் போனும் ஸ்பீக்கரில்தான். அன்பான வாடிக்கையாளரே, உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை, பாடலைத் தேர்வு செய்ய எண் ஒன்றை அழுத்தவும். நான் நிறுத்தவில்லை. அது முடியும் வரை கேட்கிறேன். அந்தக் குரலில் பயமே இல்லை, உலகத்தில் அப்படியும் ஒரு குரல் இருக்கிறது.

நான்கு ஐந்து. நான்கு பத்து. நேரமாவது நல்லதா கெட்டதா. ஒன்றுமில்லாதவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். உட்கார வைத்துப் பேச வேண்டியவர்களைத்தான் உட்கார வைப்பார்கள். இல்லை, கூட்டமாக இருக்கும், புதன்கிழமை எப்போதும் கூட்டம். அவள் என்னிடம் எப்போதாவது எதற்காவது பயந்ததைக் காட்டியிருக்கிறாளா என்று தேடிப் பார்க்கிறேன். முப்பது வருடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் பயப்படாதவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த வீட்டில் பயப்படுகிற வேலையை முதலில் நான் எடுத்துக்கொண்டேன், மிச்சம் இருந்ததைத் துரை எடுத்துக்கொண்டான், அவளுக்கு இடமே இல்லை, அதுதான் விஷயமோ. கட்டிலுக்கு அடியில் இருவர் போய்விட்டால் மூன்றாவது ஆள் வெளியில்தானே நிற்க வேண்டும். மூன்று வாரம் அந்தக் கடலைப்பருப்பைத் தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்த்திருப்பாள், தனியாக, குழாயைத் திறந்துவிட்டு. வெளியே வந்து காபி கலந்திருப்பாள். நான் துரையின் காதில் உண்ணி இருக்கிறது பார் என்று அவளைக் கூப்பிட்டிருப்பேன். வந்து குனிந்து பார்த்திருப்பாள்.

நாலரைச் சங்கு ஊதுகிறது. தூரத்தில் பணிமனை. இன்று நான் போயிருந்தால் இந்நேரம் கையில் எண்ணெய் கழுவிக்கொண்டிருப்பேன். துரைக்குச் சங்கு பயமில்லை, அது ஊதினால் நான் வீட்டுக்கு வருவேன் என்று அவனுக்குக் கணக்கு. சங்கின் கடைசி இழை அடங்குவதற்குள் போன் அடிக்கிறது. செண்பகம். பச்சையைத் தள்ளுகிறேன். சொல்லு என்கிறேன். முதலில் சக்கர நாற்காலி உருளும் சத்தம், யாரோ ஒரு எண்ணைக் கூப்பிடுகிறார்கள், யாரும் போகவில்லை போலிருக்கிறது, மறுபடியும் அதே எண். அவள் சொல்லைத் தேடுகிறாள். நான் பிடுங்கிக்கொண்ட சொல்லுக்குப் பதிலாக வேறு ஒன்றைத் தேடுகிறாள் என்று ஒரு கணம், சத்தியமாக ஒரே ஒரு கணம், என் உடம்பு முழுக்கச் சந்தோஷம் பாய்கிறது. துரை எழுந்து நின்று என் முகத்தைப் பார்க்கிறான்.

"என்னங்க" என்றாள்.

"ம்."

"இருக்குங்க."

துரையின் வால் ஆடியது. பால் இருக்கு, பிஸ்கட் இருக்கு, அவனுக்கு இந்த வீட்டில் அது நல்ல சொல். அவள் பேசிக்கொண்டே போனாள், மளிகைச் சீட்டைப் படிக்கிற குரலில். சின்னதுதானாம், ஆனால் அதுதானாம். அடுத்த வாரமே ஆபரேஷன், அதற்குப் பிறகு மருந்து ஏற்றுவார்களாம், முடி கொட்டுமாம், திரும்ப வளருமாம். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினாராம், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாளாம், எனக்குக் காட்ட. நாளைக்கு ரத்தப் பரிசோதனை. இன்றைக்கே ஒரு கையெழுத்து வேண்டுமாம், வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார்களாம். அவள் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். துரை வாலை ஆட்டிக்கொண்டு போனுக்குள் அவளைத் தேடிக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் குரல் சீட்டின் நடுவில் எங்கோ நின்றது. மூச்சு மட்டும் வந்தது. அவள் அழுது நான் கேட்டதில்லை, அதனால் அது என்னவென்று தெரிய எனக்கு நேரமாயிற்று. "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும். முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள், நான் ஏதாவது சொல்ல வேண்டும், வாய் திறந்தது, அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "ஒண்ணுமில்ல, செண்பகம்."

துரையின் வால் நின்றது. காதுகள் மண்டையோடு ஒட்டின. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி, தரை ஓட்டில் நகங்கள் சத்தமிட, படுக்கையறைக்குள் போனான். போனில் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அவன் கட்டிலுக்கு அடியில போயிட்டானா?"

"போயிட்டான்."

"நீங்களும் போயிடாதீங்க" என்றாள்.

வரேன் என்றேன். கைலியை அவிழ்த்துப் போட்டு, கொடியில் கிடந்த பேன்ட்டை மாட்டினேன், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டு மறுபடியும் அவிழ்த்துப் போட்டேன். தனியாக விட்டால் கத்துவான். தொண்டையைக் கிழித்துக்கொள்வான். கத்தட்டும். வாசலில் ஒரு செருப்புதான் கிடந்தது. திரும்பிப் போய்க் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்தேன். இருட்டில் இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, என் வாயை. உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டேன். எதுவும் சொல்லாமல், கையை மட்டும் உள்ளே நீட்டினேன்.